குதிரை மாடு இல்லை: கிரீன் பெல்ட்டில் ஒரு பயிற்சிக் கூரை கேட்ட கதை

இங்கிலாந்தில் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் மாட்டுக்கு ஒரு கொட்டகை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணை 5 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்து, கொட்டகை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து 400 மீட்டர் தள்ளி நின்றால், 2024 மே மாதத்திலிருந்து 1,500 சதுர மீட்டர் வரை அவர் முழு விண்ணப்பம் போடவே தேவையில்லை. உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும், இடமும் தோற்றமும் பற்றி விவரம் வேண்டுமென்றால் அவர்கள் 28 நாளுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கடப்பாரையை எடுத்துவிடலாம். அடுத்த வயல்காரர் அதே அளவில், அதே இரும்புச் சட்டத்தில், அதே சாம்பல் நிறக் கூரை போட்டு ஒரு கொட்டகை கேட்கிறார். உள்ளே மாட்டுக்குப் பதில் மணல், மணல்மேல் குதிரை, குதிரைமேல் ஒரு பிள்ளை. இவருக்கு முழுத் திட்ட அனுமதி வேண்டும். வரைபடம், நிலத்தோற்ற ஆய்வு, வௌவால் ஆய்வு, மழைநீர்க் கணக்கு, போக்குவரத்துக் குறிப்பு எல்லாம் வேண்டும். ஊரே கூடிப் பேசும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, ஒரு கோப்புக்குள் அது எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் விண்ணப்பம் ஒரே ஊரின் ஒரே விண்ணப்பம் இல்லை. இந்த மாதிரிக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்களை எடுத்து ஒரே கோப்பாகக் கோத்திருக்கிறேன், அளவுகளும் அப்படியே. ஊர், கவுன்சில், உரிமையாளர் பெயர் எதையும் தேட வேண்டாம். சட்டமும் வழக்குகளும் மட்டும் நிஜம்.

சரி, இடத்தைப் பார்ப்போம். லண்டனைச் சுற்றியுள்ள கிரீன் பெல்ட்டுக்குள், அதாவது நகரம் பரவாமல் காக்கும் வெட்டவெளி வளையத்துக்குள், ஒரு கிராமம். ஒரு காலத்தில் பால் பண்ணையாக இருந்த இடம். மாடுகள் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது அது குதிரையேற்றப் பள்ளி. இருபதுக்கும் மேல் குதிரைகள். மாட்டுக் கொட்டகைகளில் சிலவற்றை முறையாக அனுமதி வாங்கி லாயமாக மாற்றியிருக்கிறார்கள், மரத்தாலான ஒரு லாய வரிசை தனியாக நிற்கிறது, உலர்புல் அடுக்கும் கொட்டகை ஒன்று, பெரிய காங்கிரீட் முற்றம், வெளியே திறந்த மணல் களம். மூலையில் பழைய பால் கறக்கும் கொட்டகை ஒன்று, கூரை பாதி தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதை யாரும் தொடவில்லை. அந்தக் கொட்டகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

பள்ளியின் பிரச்சினை குளிர்காலம். அந்தப் பக்கத்து மண் களிமண். நவம்பரில் நனைந்தால் மார்ச் வரை காயாது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அதுதான். மணல் களம் உறைந்துபோனால் குதிரையின் கால் வழுக்கும், அன்றைய வகுப்பு ரத்து. வாரத்தில் ஒருநாள் உடல் ஊனமுள்ளவர்களுக்கான குழு வருகிறது. இங்கிலாந்தில் இதற்கென்றே 1969இல் தொடங்கிய ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு இருக்கிறது, நாடு முழுவதும் கிளைகள். சக்கர நாற்காலியில் வருகிறவரை மழையில் குதிரைமேல் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. குளிர்காலத்தில் அந்த வகுப்பு நின்றுபோகிறது.

ஆகவே ஒரு கூரை கேட்டார்கள். கூரைக்குக் கீழ் குதிரை ஓட்டுவது புதுப் பழக்கமும் இல்லை. வியன்னாவில் 1729க்கும் 1735க்கும் இடையில் கட்டிய ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியின் மண்டபம் சரவிளக்குத் தொங்க இன்றும் நிற்கிறது. இவர்கள் கேட்டது சரவிளக்கு இல்லை. 25 மீட்டர் அகலம், 65 மீட்டர் நீளம், ஓரச்சுவர் நாலரை மீட்டர், கூரை முகடு ஏழரை மீட்டர். டிரெஸாஜ் என்கிற நளினப் பயிற்சிக்கான முழு அளவுக் களம் 20க்கு 60 மீட்டர், அதைச் சுற்றி உதைபலகையும் நடக்க இடமும் விட்டால் கணக்கு இங்கேதான் வந்து நிற்கும். மொத்தம் 1,625 சதுர மீட்டர். ஆறு டென்னிஸ் களங்களை ஒரே கூரைக்குள் போட்ட மாதிரி. இடம், லாயங்களுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் வயல்.

முதல் கேள்வி: குதிரை விவசாயமா? பலருக்கு இது கேலியாகத் தோன்றும். வயலில் நிற்கிறது, புல் தின்கிறது, லத்தி போடுகிறது, இதற்குமேல் என்ன விவசாயம் வேண்டும்? ஆனால் 1990ஆம் வருட நகர ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின் 336ஆம் பிரிவு விவசாயம் என்றால் என்னவென்று வரையறுக்கிறது. கால்நடை வளர்ப்பும் அதில் உண்டு, கூடவே அடைப்புக்குறிக்குள் ஒரு வால்: உணவு, கம்பளி, தோல், ரோமம் ஆகியவற்றுக்காகவோ நிலத்தில் உழைப்பதற்காகவோ வளர்க்கப்படும் உயிர்கள் என்று. இதே வால் பழைய சட்டத்திலும் இருந்தது. 1962இல் பெல்மாண்ட் ஃபார்ம் வழக்கில் குதிரைகளை வளர்த்துத் தாண்டும் போட்டிக்குப் பழக்குவது விவசாயமா என்று கேள்வி வந்தபோது, நீதிமன்றம் இந்த வாலைப் பிடித்துக்கொண்டது. ஏர் இழுக்கும் குதிரை என்றால் கால்நடை. வேலி தாண்டும் குதிரை அந்த வரையறைக்குள் வராது.

அதோடு நிற்கவில்லை. அதே 336ஆம் பிரிவில் 'மேய்ச்சல் நிலமாகப் பயன்படுத்துவது' விவசாயம் என்றும் இருக்கிறது. எதை மேய்த்தால் என்று சொல்லவில்லை. 1981இல் ஸைக்ஸ் வழக்கில், பந்தயக் குதிரையோ பொழுதுபோக்குக் குதிரையோ எதுவானாலும் நிலத்தின் முக்கியப் பயன் மேய்ச்சல்தான் என்றால் அது விவசாயம்தான் என்று ஆனது. ஆக, ஒரே குதிரை, ஒரே வயல். குனிந்து புல் மேய்ந்தால் விவசாயம். அதே வயலில் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்த உலர்புல்லைத் தின்று, தடைக்கம்பு தாண்டிப் பழகினால் பொழுதுபோக்கு. நிலப் பயன் மாறிவிட்டது, அதற்கு அனுமதி எங்கே என்று கேட்பார்கள். இதைக் கேள்விப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் "குதிரை எவ்வளவு புல் தின்கிறது என்று யார் எண்ணுவார்?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள், உண்மையிலேயே ஏக்கருக்கு எத்தனை குதிரை, தீவனம் எவ்வளவு வாங்கினார்கள் என்று கணக்குப் பார்த்துச் சண்டை போட்ட மேல்முறையீடுகள் உண்டு.

இது இயற்கை நியதி என்று நினைக்கவும் வேண்டாம். அட்லாண்டிக்கைத் தாண்டி மாசசூசெட்ஸ் போனால் கதை தலைகீழ். அந்த மாநிலச் சட்டம் விவசாயத்தை வரையறுக்கும்போது, தொழில்முறையில் குதிரை வைத்திருப்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் நடக்கும் வணிக விவசாயத்தை ஊராட்சியின் மண்டல விதிகள் தடுக்கவோ நியாயமில்லாமல் கட்டுப்படுத்தவோ முடியாது. 1988இல் ஸ்டோ என்ற ஊரிலிருந்து போன வழக்கில், குதிரைப் பண்ணையின் பகுதியாக நடக்கும் குதிரையேற்றப் பள்ளியும் விவசாயத்துக்குள்தான் வருகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உயரம், எல்லை இடைவெளி போன்றவற்றில் ஊர் வாய் திறக்கலாம், அவ்வளவுதான். நம் கோப்பின் உரிமையாளர் அங்கே பிறந்திருந்தால் பாதிக் காகிதம் மிச்சம்.

இங்கிலாந்துக்கே திரும்புவோம். விவசாயம் இல்லை என்று ஆனதும் கட்டடம் முழு விண்ணப்பத்துக்கு வந்துவிடுகிறது, அங்கே காத்திருப்பது கிரீன் பெல்ட். லண்டனைச் சுற்றி வெட்டவெளியை வாங்கிக் காக்க 1938இலேயே ஒரு சட்டம் வந்தது, 1955இல் அமைச்சகம் நாடு முழுக்க இந்த வளையத்தைப் பரப்பச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அழகான இடம் என்பதால் காப்பதில்லை, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குப்பை கொட்டிக் கிடந்தாலும் கிரீன் பெல்ட் கிரீன் பெல்ட்தான். ஊர் ஊராகப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல், நாட்டுப்புறத்தைக் கட்டடம் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். ஆகவே அங்கே எந்தப் புதுக் கட்டடமும் முதலில் 'பொருந்தாதது' என்ற முத்திரையோடுதான் பிறக்கிறது. தேசியத் திட்டக் கொள்கை ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது, அதில் ஒன்றுக்குள் நுழைந்தால் தப்பிக்கலாம். நுழையாவிட்டால் 'மிகச் சிறப்பான காரணம்' காட்ட வேண்டும், அந்தக் காரணம் கிரீன் பெல்ட்டுக்கு வரும் கேட்டையும் மற்றக் கேடுகளையும் தெளிவாக விஞ்ச வேண்டும். அது பெரும்பாலும் குதிரைக்கொம்பு.

பட்டியலில் முதலாவதே விவசாய, வனத்துறைக் கட்டடம். அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. அடுத்தது, திறந்தவெளி விளையாட்டுக்கும் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கும் தேவையான வசதிகள், கட்டடமும் சேர்த்து, வெட்டவெளித் தன்மை கெடாமல் இருந்தால். விண்ணப்பதாரரின் ஆலோசகர் இந்தக் கதவைத்தான் தட்டினார். குதிரையேற்றம் திறந்தவெளி விளையாட்டு, பள்ளியில் கற்றவர்கள் காட்டுப் பாதையிலும் வயலிலும்தான் ஓட்டுகிறார்கள், இந்தக் கூரை அதற்கான வசதி, கிரிக்கெட் மைதானத்துக்கு உடைமாற்றும் அறை எப்படியோ அப்படி என்றார்.

கெட்டிக்கார வாதம்தான். ஆனால் எனக்கு இது ஒருநாளும் முழுதாக ஒட்டியதில்லை. உடைமாற்றும் அறையில் யாரும் கிரிக்கெட் ஆடுவதில்லை. இந்தக் கட்டடத்தின் வேலையே வெளியே நடக்கும் விளையாட்டை உள்ளே கொண்டுவருவது. கூரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திறந்த மணல் களம், அது அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. திட்ட அலுவலரும் அறிக்கையில் இதையே வேறு வார்த்தையில் எழுதினார்: உள்ளரங்கு என்று விண்ணப்பத்தின் தலைப்பிலேயே போட்டுக்கொண்டு திறந்தவெளி வசதி என்று கேட்பது பொருந்தவில்லை என்று. அப்படியே வாதத்தை ஒப்புக்கொண்டாலும் அடுத்த படி காத்திருக்கிறது. வெட்டவெளித் தன்மை கெடக் கூடாது. வெறும் புல்வெளியில் ஏழரை மீட்டர் உயரத்தில் 1,625 சதுர மீட்டர் நின்றால் எப்படிக் கெடாமல் இருக்கும்? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிறதா என்பது ஒரு பாதி. கண்ணுக்கே தெரியாமல் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாலும், காலியாக இருந்த இடம் காலியாக இல்லை என்பது இன்னொரு பாதி. சுற்றி வேலி மரம் நட்டு மறைத்துவிடுகிறோம் என்று ஆலோசகர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் முதல் பாதிக்குத்தான் மருந்து.

இதற்கிடையில் ஊர். அறிவிப்புக் காகிதம் கம்பத்தில் ஒட்டி 21 நாளில் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே நகலில் கையெழுத்து மட்டும் மாற்றிய கடிதங்களும் அதில் நிறைய. வீட்டு விலை குறையும் என்றவை, மாடியிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்றவை, உரிமையாளரின் குணத்தைப் பற்றியவை, எல்லாவற்றையும் அலுவலர் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். திட்டச் சட்டத்தில் இவற்றுக்கு எடை கிடையாது. ஊர்க்காரர்களுக்கு இது ஜீரணமாவதே இல்லை. பத்து வருடமாகப் பார்த்த மலைச்சரிவு மறைகிறது என்பதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஆனால் அதே சரிவு பொது நடைபாதையிலிருந்து மறைந்தால் எடை உண்டு. அந்த ஊரில் வயலை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அதிலிருந்து எடுத்த நாலு படங்களை இணைத்து, எந்த இடத்தில் நின்றால் கூரை முகடு தொடுவானைத் தாண்டும் என்று கோடு போட்டு ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார். நூறு நகல் கடிதம் செய்யாத வேலையை அந்த ஒரு பக்கம் செய்தது.

எடையுள்ள மற்ற விஷயங்களில் வெளிச்சம் முக்கியம். இந்தக் கட்டடங்களின் கூரையில் பகல் வெளிச்சத்துக்காக ஒளி புகும் தகடுகள் போடுவார்கள். பகலில் மின்சாரம் மிச்சம். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது அதே தகடு வழியாக வெளிச்சம் மேலே கொட்டும், இருண்ட சரிவில் ஒரு பெரிய லாந்தர் வைத்த மாதிரி. பக்கத்து வேலி மர வரிசையில் வௌவால்கள் பறக்கும் பாதை இருந்தது. வெளிச்சத்தைக் கண்டால் சில வௌவால் இனங்கள் அந்தப் பாதையையே விட்டுவிடும், அங்கே எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆலோசகர் முதல் விண்ணப்பத்தில் இதைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தார். சறுக்கல்.

தண்ணீர்க் கணக்கு எளிது, ஆனால் பயமுறுத்தும். ஒரு மில்லிமீட்டர் மழை அந்தக் கூரையில் விழுந்தால் 1,625 லிட்டர். ஒரு நல்ல மழைநாளில் 20 மில்லிமீட்டர் என்றால் 32,500 லிட்டர். களிமண் குடிக்காது, எங்கே போகும்? கீழே உள்ள சந்துக்குத்தான், அங்கே ஏற்கனவே இரண்டு வீட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது. லத்தி மேட்டை ஓடையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், களத்தின் மணலில் கலக்கும் நாரும் ரப்பர் தூளும் ஓடைக்குப் போகாமல் வடிகட்ட வேண்டும். அப்புறம் சாலை. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில் குதிரை ஏற்றிவரும் ஏழரை டன் வண்டி. பள்ளியோ, புதுக் குதிரை எதுவும் சேர்க்கவில்லை, குளிர்காலத்தில் ரத்தாகும் வகுப்பைத்தான் மீட்கிறோம் என்றது. நெடுஞ்சாலைத் துறை ஏற்றுக்கொண்டது. பாரிஷ் கவுன்சில் என்கிற கிராம மன்றம் நம்பவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது அவர்கள் அனுபவம்: முதலில் லாயம், பிறகு அரங்கு, பிறகு குதிரையை இரவில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு வீடு, பிறகு வார இறுதிகளில் போட்டி, ஒலிபெருக்கி. இதை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட முடியாது. அந்த வட்டாரத்தில் இதே வரிசையில் நடந்த இடங்கள் இருக்கின்றன. ஆனால் நாளை கேட்கப் போகும் வீட்டுக்காக இன்று கேட்கும் கூரையை மறுக்க முடியாது என்பதும் விதி.

மிச்சமிருந்தது 'மிகச் சிறப்பான காரணம்'. இங்கேதான் கோப்பில் எனக்கு மனம் கனத்தது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையனின் அம்மா எழுதிய கடிதம். குதிரை நடக்கும்போது ஏற்படும் அசைவு அவன் இடுப்பையும் முதுகையும் நிமிர்த்துகிறது என்றும், நவம்பரிலிருந்து மார்ச் வரை வகுப்பு நின்றால் ஒவ்வொரு வசந்தத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்றும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் குறிப்பும் இருந்தது. அலுவலர் இதற்கு நல்ல எடையே கொடுத்தார். ஆனால் கிரீன் பெல்ட்டுக்கு வரும் கேட்டுக்கு 'கணிசமான எடை' கொடுத்தே ஆக வேண்டும் என்று கொள்கை கட்டளையிடுகிறது, அதை விஞ்ச வேண்டும். விஞ்சுகிறதா என்று பார்க்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார், அந்தக் கேள்வியில்தான் முதல் விண்ணப்பம் விழுந்தது: உடல் ஊனமுள்ளவர்களின் வகுப்புக்கு 60 மீட்டர் நீளம் எதற்கு? அவர்கள் நடையில் சுற்றுகிறார்கள், 40 மீட்டர் களம் தாராளம். 60 மீட்டர் டிரெஸாஜ் போட்டிக்குத் தயாராகும் தனியார் வாடிக்கையாளர்களுக்கு. அந்தப் பையனைக் காட்டி இந்த அளவைக் கேட்கிறீர்கள் என்று அவர் எழுதவில்லை, இங்கிலாந்து அலுவலர்கள் அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள். ஆனால் அறிக்கையைப் படித்தால் அதுதான் கேட்கும்.

பரிந்துரை: மறுப்பு. அதோடு, கிரீன் பெல்ட்டில் பொருந்தாத கட்டடம் 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால், கவுன்சில் அனுமதிக்க நினைத்தாலும் முதலில் அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் விரும்பினால் கோப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆலோசகர் நிலைமையைப் பார்த்தார், முடிவெடுக்கும் கவுன்சில் குழுவின் கூட்டத்துக்கு முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். மறுப்பு ஒன்று பதிவேட்டில் ஏறுவதைவிட இது மேல். மேல்முறையீடு என்று போனால் இன்ஸ்பெக்டர் வருவார் (போலீஸ் இல்லை, திட்ட இன்ஸ்பெக்டர்), அவருக்கும் இதே கொள்கைதான், இதே வயல்தான்.

இரண்டாவது விண்ணப்பத்தில்தான் கதை திரும்புகிறது. ஆலோசகர் வயலை விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார். விதிவிலக்குப் பட்டியலில் இன்னொரு கதவு இருக்கிறது: ஏற்கனவே கட்டடம் எழும்பிய நிலத்தை மறுபடி கட்டுவது. 2024 டிசம்பர் பதிப்பில் இந்தக் கதவு கொஞ்சம் அகலமாகியிருக்கிறது, இப்போது வெட்டவெளித் தன்மைக்கு 'பெருங்கேடு' இல்லாவிட்டால் போதும். சட்டப்படி போட்ட பெரிய காங்கிரீட் தளங்களையும் இந்த வகை நிலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை பழையபடியே இருக்கிறது. விவசாயக் கட்டடம் நின்ற நிலம், அல்லது கடைசியாக விவசாயக் கட்டடம் நின்ற நிலம், இந்த வகையில் சேராது.

இப்போது முதல் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். குதிரை விவசாயம் இல்லை என்று 1962லிருந்து சொல்லி வருகிறார்களே, அதனால் மாட்டுக்காரருக்குக் கிடைக்கும் சலுகை இவர்களுக்குக் கிடைக்காமல் போனதே, அதே வரியை இப்போது இவர்கள் கையில் எடுத்தார்கள். சரி, நாங்கள் விவசாயம் இல்லை. அப்படியானால் எங்கள் லாயமும் முற்றமும் விவசாயக் கட்டட நிலம் இல்லை. அப்படியானால் அது ஏற்கனவே கட்டிய நிலம். கவுன்சில் வாயடைத்துப்போக வேண்டிய இடம், அடைத்துத்தான் போனது.

மரத்தாலான லாய வரிசையையும் உலர்புல் கொட்டகையையும் இடிப்பது, அங்கிருந்த குதிரைகளை மாற்றிய பழைய மாட்டுக் கொட்டகைகளுக்குள் நகர்த்துவது, இடித்தவற்றின் அடித்தளமும் காங்கிரீட் முற்றமும் சேர்ந்த இடத்தில் 22க்கு 44 மீட்டரில் ஒரு கூரை. 968 சதுர மீட்டர். ஆயிரத்துக்கு 32 குறைவு என்பது தற்செயல் இல்லை. ஆயிரத்தைத் தொட்டால் 'பெரிய' விண்ணப்பம், முடிவுக்கு 13 வாரம், கூடுதல் காகிதம். தொடாவிட்டால் 8 வாரம். இந்த எண்ணுக்குக் கீழே ஒட்டி நிற்கும் கொட்டகைகள் அந்த நாட்டில் எத்தனை இருக்கும் என்று யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும். இடித்தது 610, கட்டுவது 968, நிகரக் கூடுதல் 358. முகட்டை ஏழரையிலிருந்து ஆறரையாக இறக்கினார்கள். உயிர்ப்பன்மையை 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற விதி 2024இல் வந்தது, புல்வெளியில் கட்டினால் அதற்கு நிறைய ஈடுசெய்ய வேண்டியிருக்கும், காங்கிரீட்டுக்கு அங்கே மதிப்பு பூஜ்யம் என்பதால் அதுவும் லேசாகிவிட்டது. வேலி மர வரிசையை நீட்டி நட்டால் போதும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் களத்தைத் தூசி எழாமல் நனைக்கவே பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒரு சிக்கல் வந்தது. முதலில் வரைந்தபோது, மூலையில் நிற்கும் அந்தப் பால் கறக்கும் கொட்டகையையும் இடிப்பவற்றில் சேர்த்துக் கணக்கைச் சாதகமாக்கியிருந்தார்கள். அலுவலர் பழைய கோப்புகளைத் தோண்டினார். மற்றக் கொட்டகைகளுக்கு லாயமாக மாற்ற அனுமதி இருக்கிறது. இதற்கு இல்லை. கடைசியாக அதில் நடந்தது பால் கறப்பு, அதாவது விவசாயம். மாடு போய் இருபது வருடம் ஆனாலும், கூரை தொங்கினாலும், அது மாட்டினுடையதுதான். ஏற்கனவே கட்டிய நிலத்தின் கணக்கில் அது சேராது. சேர்க்காமல் வரைபடத்தைத் திருத்தி அனுப்பினார்கள்.

குழுக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை மாலை. எதிர்ப்பவர் ஒருவருக்கு மூன்று நிமிடம், ஆதரிப்பவருக்கு மூன்று நிமிடம். நடைபாதைப் படம் எடுத்த பெண் வந்திருந்தார். முதல் திட்டத்தைவிட இது எவ்வளவோ பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மேற்கூரைத் தகடு வேண்டாம் என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாவும் வந்திருந்தார், மூன்று நிமிடத்தில் ஒன்றைக்கூட முழுதாகப் பேசவில்லை, தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாரிஷ் கவுன்சில்காரர் வீடு வரும், வீடு வரும் என்று சொன்னார். குழுவில் இரண்டு பேர் எதிராகக் கை தூக்கினார்கள். மற்றவர்கள் ஆதரவு.

அனுமதியோடு ஒரு நீளமான நிபந்தனைப் பட்டியல் வந்தது. மூன்று வருடத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். போட்டியோ காட்சியோ கூடாது, ஒலிபெருக்கி கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் விளக்கு எரியக் கூடாது. கூரை முகட்டில் ஒளித்தகடு இல்லை, வடக்குச் சுவரின் மேல்பகுதியில் மட்டும், இருட்டியதும் திரை இறக்க வேண்டும். குதிரையேற்றப் பயிற்சியைத் தவிர வேறு எதற்கும் கட்டடத்தைப் பயன்படுத்தக் கூடாது. லத்தியை வாரத்துக்கு ஒருமுறை அகற்ற வேண்டும், அங்கேயே எரிக்கக் கூடாது. வாரத்தில் குறைந்தது இத்தனை மணி நேரம் ஊனமுள்ளவர்களின் குழுவுக்கு என்று ஒரு நிபந்தனை போட முடியுமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். இந்த அனுமதி அந்தக் காரணத்தால் கொடுக்கப்படவில்லை, நிலத்தின் வகையால் கொடுக்கப்படுகிறது, ஆகவே அப்படிப் போட முடியாது என்று கவுன்சிலின் வக்கீல் சொன்னார். சட்டப்படி சரியான பதில். பள்ளி உரிமையாளர் எழுந்து, நிபந்தனை இல்லாவிட்டாலும் செவ்வாய்க்கிழமை அவர்களுடையதுதான் என்றார். அது கூட்டக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கிறது.

அங்கீகரித்த வரைபடத்தில் புதுக் கூரை, விண்ணப்ப நிலத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறது. அதற்கு முப்பது மீட்டர் தள்ளி, உரிமையாளரின் மற்ற நிலத்தைக் காட்டும் நீலக் கோட்டுக்குள், ஒரு சின்னச் செவ்வகம். பக்கத்தில் குட்டி எழுத்தில் எழுதியிருக்கிறது: பழைய பால் கொட்டகை, விவசாயம், அப்படியே இருக்கும்.